டிராகன் குவெஸ்ட் 11 வாங்கலாமா? டர்ன் பேஸ்டு ஆடியே பழகாத ஆளுக்குச் செட் ஆகுமா?

திருமங்கலம்_ஜாய்ஸ்டிக்:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறேன். எங்க மாமா பையன் குவைத்துல இருந்து லீவுக்கு வந்தப்ப அவனோட பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டான். அதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தெருமுக்கு கேம் சென்டர்தான். மணிக்கணக்குக்குக் காசு குடுத்து மல்யுத்தம், கார் திருடுறது, கிரிக்கெட். இப்ப கையில மிஷின் இருக்கவும் கோடாலியத் தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம், வலை விட்டுத் தாவுற ஆட்டம் எல்லாம் முடிச்சாச்சு.

டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில டிராகன் குவெஸ்ட் 11 செகண்ட் ஹேண்ட் டிஸ்க் பாத்தேன். 2018-ல வந்த பதிப்பு. அட்டையில படம் வரைஞ்சது டிராகன் பால் வரைஞ்ச டோரியாமான்னு கேள்விப்பட்டதும் கை அரிச்சிருச்சு. ஆனா யூடியூப்ல பாத்தா ஒருத்தர் இதுதான் ஆர்பிஜியிலேயே (கதாபாத்திரமா மாறி ஆடுற ஆட்ட வகை) உச்சம்ங்கிறார், இன்னொருத்தர் முத பத்து மணி நேரம் தூங்கிட்டேங்கிறார். யார் பேச்சைக் கேக்குறது?

நான் டர்ன் பேஸ்டு, அதாவது முறை வச்சு மாத்தி மாத்தி அடிக்கிற ஆட்டம், ஆடுனதே இல்ல. இன்னொரு விஷயம், டிவி ஹால்ல இருக்கு. தங்கச்சி ஒம்பதாவது படிக்கிறா, நான் ஆடுறப்ப பக்கத்துல உக்காந்து கதை கேப்பா. வீட்ல அம்மா, அப்பத்தா எல்லாரும் அங்கிட்டும் இங்கிட்டும் நடமாடுற இடம். எங்க பக்கம் கரண்ட்டும் சொல்லாமக் கொள்ளாமப் போகும், சேவ் பண்றது எப்படின்னும் சொல்லுங்க. ஆடி முடிச்சவங்க நல்லது கெட்டது ரெண்டையும் சொன்னா உதவியா இருக்கும்.

ஒத்தக்கடை_ஓவர்கில்:

வேணாம் தம்பி. நாலு பேரு வரிசையா நிக்கிறான், எதிர்ல நாலு மிருகம் வரிசையா நிக்குது. நம்ம ஒரு அடி குடுத்துட்டு, அது திருப்பி அடிக்கிறவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும். 1986-ல சரி, வேற வழியில்ல. இப்பவுமா? நான் பாலைவன ஊரு வரைக்கும் போயிட்டு டிஸ்க்கத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்தக் காசுக்கு நல்லதா ஒரு கார் ரேஸ் வாங்கு.

மாட்டுத்தாவணி_மெட்டல்ஸ்லைம்:

ஒத்தக்கடைக்காரர் சொன்னதுல பாதி நெசம். மீதிக்கு நான் பதில் சொல்றேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்க தம்பி.

நான் பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் மண்டியில கணக்கு எழுதுற ஆளு. விடியறதுக்கு முன்னாடியே போய் உக்காரணும். லோடு வர்றப்ப மூச்சு விட நேரம் இருக்காது, அடுத்த வண்டி வர்றவரைக்கும் ஈ ஓட்டுற சோலிதான். அந்த நேரத்துக்குன்னே நின்டெண்டோ ஸ்விட்ச்னு கையில வச்சு ஆடுற மிஷின் ஒண்ணு வாங்கி கல்லாப்பெட்டி ஓரத்துல வச்சிருக்கேன். சண்டை உச்சத்துல இருக்கும்போது ஒருத்தர் வந்து, "அண்ணே, நெலக்கோட்டை சிப்பம் எத்தனை கிலோ போட்டிருக்கீங்க"ன்னு நிப்பாரு. அப்படியே கவுத்து வச்சிட்டு எடை பாத்து, சீட்டு எழுதி, பாக்கியப் பத்தி ரெண்டு வார்த்தை வாங்கிக்கட்டிக்கிட்டு வந்து பாத்தா, அந்த மிருகம் அதே இடத்துல நின்னுக்கிட்டு இருக்கும். நம்ம உத்தரவு போடாம அது ஒரு அடி எடுத்து வைக்காது. கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும்னு ஒத்தக்கடை கொறை சொல்றாரே, எனக்கு அதுதான் இந்த ஆட்டத்தையே ஆட விட்டுச்சு. ஹால்ல டிவி வச்சிருக்கிற உனக்கும் அது புரியும். அப்பத்தா தண்ணி கேட்டா நிம்மதியா எந்திரிச்சுப் போகலாம்.

சண்டை பழசுதான், ஒத்துக்கிறேன். இந்தத் தொடரை உருவாக்குன யூஜி ஹோரி 1986-ல நின்டெண்டோவோட ஃபேமிகாம் மிஷின்ல போட்ட கோடு இன்னும் அழியல. அடி, மந்திரம், பொருள், தற்காப்பு. ஒரு மாத்தம் என்னன்னா முன்ன மாதிரி நாலு பேருக்கும் மொத்தமா உத்தரவு போட்டுட்டுக் காத்திருக்க வேண்டியதில்ல. யாருக்கு வேகம் ஜாஸ்தியோ அவங்க முறை முன்னாடி வரும், வர்றப்ப சொன்னாப் போதும். இதுபோக சண்டையில கதாநாயகனைச் சுத்திச் சுத்தி நடக்க விடுற ஒரு கேமரா குடுத்திருக்காங்க பாரு, அது வெட்டி. பின்னாடி போய் நின்னாலும் அடி விழும், மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் விழும். நடக்குறதால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. மெனுவுல கிளாசிக் கேமரான்னு இருக்கும், மொத வேலையா அதுக்கு மாத்திரு.

இப்ப நான் உறுதியாச் சொல்ற விஷயம். இந்த ஆட்டத்தைத் தூக்கம் வருதுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு சாதாரண செட்டிங்ல ஆடுனவங்க. அதுல ஆடுனா வெரல் ஒரே பட்டனைத்தான் தட்டிக்கிட்டு இருக்கும். எதிரியோட காப்பைக் குறைக்கிறது, நம்மாளுக பலத்தை ஏத்துறது, தூங்க வைக்கிறதுன்னு அம்புட்டு மந்திரம் குடுத்திருக்கான், ஒண்ணைக்கூடத் தொடாம மொத கட்டத்தைத் தாண்டிரலாம். புது ஆட்டம் ஆரம்பிக்கும்போதே "டிராகோனியன் குவெஸ்ட்"னு ஒரு பட்டியல் கேக்கும். அதுல எதிரிகளுக்கு பலம் கூட்டுறது ஒண்ணு இருக்கு. அதை மட்டும் ஆன் பண்ணு. கடையில வாங்கவே கூடாது, கவசமே போடக் கூடாதுங்கிறதெல்லாம் ரெண்டாவது தடவை ஆடுற கிறுக்கனுகளுக்கு. ஊர்க்காரங்க பொய் சொல்ற செட்டிங்கூட ஒண்ணு இருக்கு, சும்மா தமாசு. ஆனா கவனம், இதையெல்லாம் நடுவுல அணைச்சுக்கலாம், அணைச்சதைத் திரும்பப் போட முடியாது. ஆட்டத்தை ஆரம்பிச்ச பிறகு ஞாபகம் வந்தா மொதல்ல இருந்துதான்.

பலம் கூட்டி ஆடுனா ஒத்தக்கடைக்காரர் விட்டுட்டு வந்த பாலைவன ஊரு கல்லோபோலிஸ் இருக்கே, அங்கதான் ஆட்டமே சூடு பிடிக்கும். ஃபாரிஸ்னு ஒரு இளவரசன். வெளிய பெரிய வீரன்னு பேரு, குதிரை ஏறக்கூடத் தெரியாது. எனக்குப் பதிலா நீ பந்தயத்துல ஓட்டுன்னு நம்ம கால்ல விழுவான். அடுத்து அப்பன் ராஜா ஒரு ராட்சசத் தேளப் பிடிச்சுட்டு வான்னு உத்தரவு போட்டுருவாரு. அந்தத் தேளு ஒரு சுத்துல ரெண்டு ஆளைச் சாய்க்கும். அப்பத்தான் யாருக்கு மொதல்ல மருந்து, யாரை உள்ள இறக்குறது, யாரை வெளிய எடுக்குறதுன்னு ரோசனை ஓடும். சண்டை நடுவுலயே ஆளை மாத்திக்கலாம், அது ஒரு பெரிய வசதி.

கதைன்னு எடுத்தா, பெரிய கதை சுமார்தான். பிறந்தப்பவே கையில குறி, உலகத்தைக் காக்க வந்தவன், இருட்டு மந்திரவாதின்னு எல்லாம் பாத்த சரக்கு. வில்லனுக்கு கெட்டவனா இருக்குறதைத் தவிர வேற சோலி கிடையாது. ஆனா ஊருக்கு ஒரு சின்னக் கதை வச்சிருக்கான் பாரு, அங்கதான் ஹோரி கையி தெரியுது.

லோனாலுலுன்னு ஒரு மீனவக் கிராமம். அதுக்கு முன்னாடி கடல்ல மிஷெல்னு ஒரு கடல்கன்னியப் பாப்போம். கைனோவாங்கிற மீனவன் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டு ஊருக்குப் போனானாம், இன்னும் வரலயாம், கொஞ்சம் பாத்துட்டு வாங்கன்னு நம்மகிட்ட சொல்லி அனுப்புறா. போய் விசாரிச்சா அந்தப் பேரைக் கேட்டதுமே ஊர்ல மூஞ்சியச் சுளிக்கிறாங்க. கடைசியில தெரியும், ஆளு செத்து வருஷக்கணக்காச்சு. அவளுக்கு ஆயுசு வேற, மனுஷனுக்கு ஆயுசு வேற. காத்திருந்தவளுக்கு அது தெரியல. திரும்பிப் போனா ஆட்டம் நம்மகிட்ட கேக்கும்: உண்மையச் சொல்லவா? ஆமா, இல்ல. அம்புட்டுத்தான். எதைச் சொன்னாலும் பயணம் நிக்காது. நான் அந்த இடத்துல பொத்தானை அமுக்காம வச்சுக்கிட்டே ரெண்டு லோடு கணக்கு எழுதிட்டேன். பிறகு உண்மையச் சொன்னேன். என்ன ஆச்சுன்னு எழுத மாட்டேன், தங்கச்சிகூட உக்காந்து பாரு. பொய் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சா அதுவும் லேசுல தாங்காது.

இப்படி எழுதத் தெரிஞ்ச ஆட்கள், கதாநாயகனுக்கு மட்டும் ஏன் வாயைத் தைச்சு வச்சாங்கன்னுதான் எனக்கு ஆத்திரம். அந்த ஆளு பேசவே மாட்டான். தொடரோட வழக்கமாம், ஆடுறவன்தான் கதாநாயகனாம். சரி, பழைய ஆட்டத்துல மொகமே புள்ளி புள்ளியா இருந்துச்சு, பொருத்தமா இருந்துச்சு. இதுல மூக்கு முழி எல்லாம் துல்லியமா இருக்கு. வளத்த ஊரு எரிஞ்சு கெடக்குறதைத் திரும்பி வந்து பாக்குறான், அப்பவும் ஒரு சத்தம் கிடையாது. கூட வர்ற எரிக்கு, சில்வாண்டோ, ராப் தாத்தா எல்லாரும் இவன் பங்குக்கும் சேத்துப் பேசித் தீக்குறாங்க. அவங்கதான் இந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துறது. அதுலயும் சர்க்கஸ்காரன் சில்வாண்டோ. மொதல்ல வெறும் சிரிப்புக்கு வச்சிருக்காங்கன்னு நினைப்ப, போகப் போக அவன் வர்ற இடத்துக்குக் காத்திருப்ப.

மெட்டல் ஸ்லைம்ங்கிற மிருகத்தைப் பத்திச் சொல்லாம விட்டா என் பேருக்கே அவமானம். உடம்பு கொஞ்சூண்டு, ஆனா சாதாரணமா அடிச்சா ஒரு புள்ளி குறையுறதே பெருசு. கொன்னா அனுபவப் புள்ளி கொட்டும். முகூர்த்த நாள் மல்லி விலை மாதிரிதான், நல்லா இருக்கேன்னு கை வைக்கிறதுக்குள்ள ஓடிரும். நம்ம கூட்டத்துல வர்ற ஜேடுக்கு ஈட்டியில ஒரு வித்தை வரும், பட்டா பலத்த அடி, படாட்டி காத்து. அதை வச்சுத்தான் வேட்டை.

வீட்டு ஹால்னு சொன்னயே, ஒரு எச்சரிக்கை. ஜேடுக்கு முயல் டிரெஸ் போட்டு விடுறது, "பஃப்-பஃப்"னு ஒரு அசட்டு ஜோக்கு, இதெல்லாம் நடுநடுவுல வரும். மோசமா ஒண்ணும் காட்ட மாட்டான், ஆனா அப்பத்தா கடக்குற நேரமாப் பாத்துத்தான் வரும். முப்பது வருஷத்துக்கு மேல அதே ஜோக்கை விடாமப் பிடிச்சிருக்காங்க, எனக்குச் சிரிப்பு வரல. இங்கிலீஷும் ஒரு தினுசு. ஊருக்கு ஊரு பேச்சை மாத்தியிருக்கான், கொண்டோலியாவுல இத்தாலிக்காரன் இங்கிலீஷ், ஹோட்டோங்கிற வெந்நீர் ஊத்து ஊர்ல எல்லாரும் ஹைக்கூவாப் பேசுறாங்க. தங்கச்சிக்கு நீதான் கதையச் சொல்ல வேண்டி வரும்.

கரண்ட்டு விஷயம்: சர்ச்சு, சாமி சிலை, கேம்ப் போடுற இடம், இங்கெல்லாம்தான் நம்மளா சேவ் பண்ண முடியும். ஆனா ஒரு பகுதியில இருந்து இன்னொண்ணுக்குப் போறப்ப தானாவும் ஒரு சேவ் விழும். போனாலும் பெருசாப் போகாது.

அண்ணாநகர்_ரெண்டாம்ஆட்டம்:

மெட்டல்ஸ்லைம் அண்ணா எழுதியதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் இரண்டு முக்கியமான விஷயங்களை அவர் தொடவில்லை. அவர் ஸ்விட்சில் ஆடியதால் இருக்கலாம்.

முதல் விஷயம் அந்த டிஸ்க். தம்பி, 2018 டிஸ்க் என்றால் அதில் இசை முழுக்க சிந்தசைசர். கோய்ச்சி சுகியாமா முதல் ஆட்டத்திலிருந்தே இந்தத் தொடருக்கு இசையமைத்தவர், மெட்டுகளில் குறையில்லை. ஆனால் அந்த ஒலியில் வெளி உலகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தலைவலி வந்துவிடும். எங்கள் வீட்டில் டிவியை மியூட் செய்யச் சொல்லியே விட்டார்கள். 2019-ல் ஸ்விட்சுக்கும் 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ், கணினிக்கும் "எஸ்" என்று திருத்திய பதிப்பு வந்தது. அதில் டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி வாசித்த இசை இருக்கிறது. வெளி உலகப் பாட்டு அலுத்தால் எட்டாம் டிராகன் குவெஸ்ட்டின் இசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். சண்டை வேகத்தை இன்னும் கூட்டலாம். ஆயுதம் அடிக்கிற உலையை எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம், பழையதில் கேம்ப்பில் மட்டும்தான். தோழர்களில் சிலருக்குத் தனிக் கதைகள் சேர்த்திருக்கிறார்கள். மொத்த ஆட்டத்தையும் பழைய காலத்து 2டி படமாகவே ஆடவும் வழி உண்டு. படத்தின் தரம் மட்டும் ஸ்விட்ச் பதிப்பை வைத்துச் செய்தது, புல்லும் செடியும் 2018 டிஸ்க்கில் கொஞ்சம் அடர்த்தி. அதற்காக அந்த இசையைச் சகித்துக்கொள்ள என்னால் முடியாது. ஒன்றில் ஆடிய சேவ் மற்றதில் எடுக்காது, அதனால் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது, இந்த ஆட்டத்துக் கதையின் மூன்றாம் பாகம். கதை உடைந்துவிடாமல் சொல்லப் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சேதம் நடக்கிறது. ஆட்கள் சிதறிப்போகிறார்கள், ஒருவரை ஒருவர் தேடிச் சேர்க்க வேண்டும். எல்லாரும் மாறியிருப்பார்கள். நம் கூட்டத்தில் வரும் வெரோனிகா, செரீனா சகோதரிகள் சம்பந்தப்பட்ட ஒரு காட்சி இருக்கிறது, நான் ஆடிய ஆர்பிஜிகளில் அவ்வளவு துணிச்சலாக எழுதிய காட்சி குறைவு. அந்த இரண்டாம் பாகம் முடிந்ததும், சினிமா முடிந்தது போல, உருவாக்கியவர்கள் பெயர்கள் ஓடும். அங்கேயே நிறுத்தியிருந்தால் இது மகத்தான ஆட்டம். பெயர்கள் ஓடிய பிறகு மூன்றாம் பாகம் என்று ஒன்றைத் திறந்து, பட்ட பாட்டையெல்லாம் பின்னால் போய் அழித்துவிடுகிறார்கள். துயரத்தைக் கொடுத்துவிட்டு ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம் என்கிற வேலை. அதே ஊர்கள், அதே குகைகள், நிறம் மாற்றிய அதே மிருகங்கள். நான் அதில் பாதியில் நிறுத்தினேன், வருத்தமே இல்லை.

மாட்டுத்தாவணி_மெட்டல்ஸ்லைம்:

தங்கச்சி, இசை விஷயத்துல நீங்க சொல்றது சரி, 2018 டிஸ்க்கை நான் தொட்டதில்ல. ஆனா மூணாம் பாகத்தை இம்புட்டுக் கேவலமாத் தள்ளிராதீங்க. கதையா அது கொஞ்சம் ஏமாத்துதான், மறுக்கல. சண்டையா பாத்தா அங்கதான் இந்த ஆட்டம் முழுசாத் திறக்குது. அதுவரைக்கும் சேத்து வச்ச எல்லா வித்தைக்கும் அப்பத்தான் வேலை வரும். ஹென்ட்ரிக் முன்னாடி நின்னு அடி வாங்க, எரிக்கு தன்னை மாதிரியே நகல் ஆட்களை எறக்கி வெட்ட, செரீனா பின்னாடி நின்னு உயிர் குடுக்க, ஒரு சுத்து தப்புனா மொத்தமாப் போயிரும். கடைசிக் காட்சியில மூணாம் டிராகன் குவெஸ்ட்டோட ஒரு முடிச்சுப் போடுறாங்க பாருங்க, அது தெரிஞ்சவங்களுக்கு மயிர்க்கூச்செறியும். நீங்க பாதியில விட்டதால பாக்கல.

அண்ணாநகர்_ரெண்டாம்ஆட்டம்:

முடிச்சைப் பார்த்தேன் அண்ணா, யூடியூபில். நன்றாகத்தான் இருந்தது. அதற்காக நிறம் மாற்றிய எலும்புக்கூட்டோடு இன்னும் நாற்பது மணி நேரம் மல்லுக்கட்ட மாட்டேன்.

ஒத்தக்கடை_ஓவர்கில்:

ரெண்டு பேரும் சண்டை போடுறது அந்த ஆட்டத்து சண்டையை விட நல்லா இருக்கு. ஆனா அந்த எதிரி பலம் கூட்டுற செட்டிங் எனக்கு யாருமே சொல்லல. அது தெரிஞ்சிருந்தா தேளு கூட ஒரு கை பாத்திருப்பேன்.

திருமங்கலம்_ஜாய்ஸ்டிக்:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த டிஸ்க்கை இப்ப வாங்கல. மொத்தம் எம்புட்டு நேரம் ஆகும்? நவம்பர்ல செமஸ்டர் இருக்கு. அப்புறம் ஆரம்பத்துல திறமைப் புள்ளியெல்லாம் எதுல போடணும்? தப்பாப் போட்டா மாட்டிக்குவேனா?

அண்ணாநகர்_ரெண்டாம்ஆட்டம்:

பெயர்கள் ஓடுகிற வரை அறுபது மணி நேரத்தை ஒட்டி வரும். எல்லாவற்றையும் முடிக்க நூறைத் தாண்டும். பணம் போடுவதற்கு முன் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் எஸ் பதிப்பின் இலவச டெமோவை எடுங்கள். பெயருக்கு டெமோ, ஆனால் பத்து மணி நேரம் ஆடலாம். பிறகு முழு ஆட்டம் வாங்கினால் அதே சேவிலிருந்து தொடரும். கதாநாயகன் தோழி ஜெம்மாவோடு மலை ஏறுவதிலிருந்து ஆரம்பிக்கும், அந்த முதல் இரண்டு மணி நேரம் மெதுவாகத்தான் போகும். ஹீலியோடார் நகரத்துச் சிறையில் எரிக் வந்து சேர்ந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், பிறகு எப்போதும் பிடிக்காது. ஃபைல் பெரியது, ராத்திரி டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள். செமஸ்டர் முடிந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது, சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

மாட்டுத்தாவணி_மெட்டல்ஸ்லைம்:

புள்ளி தப்பாப் போட்டாலும் மாட்டிக்க மாட்ட. சர்ச்சுல கொஞ்சம் தங்கம் குடுத்தா திருப்பி எடுத்து வேற பக்கம் போடலாம். ஆரம்பத்துல எரிக்குக்கு பூமராங் பக்கம் போடு, கூட்டமா வர்ற மிருகங்களை ஒரே வீச்சுல தொடும். வில்லனுக தனியாளா வர ஆரம்பிச்சதும் கத்திக்கு மாத்து, மொதல்ல தூங்க வச்சிட்டு பிறகு வெட்டணும், அப்பத்தான் அடி பல மடங்கா எறங்கும். கதாநாயகனுக்கு ஒத்தக் கையி வாளா, ரெட்டக் கையி வாளான்னு கேட்டா நான் ரெட்டக் கையி. வெரோனிகாவுக்கு யோசிக்கவே வேணாம், மந்திரம்தான்.